டோக்கியோ ஊமை ஊரா?

கேள்வி: 2023 ஜூன் 3, இரவு 9.40

அக்டோபரில் டோக்கியோவுக்கு மாற்றல் வருகிறது. தனியாகத்தான் போகிறேன். அங்கே மூன்று வருடம் இருந்து திரும்பிய சொந்தக்காரர் ஒருவர், "அது ஊமை ஊர்டா, ரயிலில் இருமினால்கூட முறைப்பான், ஆறு மாதத்தில் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாய்" என்கிறார். நிஜமாகவே அப்படியா? வீடு, சாப்பாடு, ஊரிலிருந்து என்ன கொண்டு வரணும் என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

ஜூன் 4, காலை 6.50

உங்கள் சொந்தக்காரர் சொன்னது சரி. ஊமை ஊர்தான்.

நான் வந்தது ஏப்ரல் 3. செரிப்பூ பார்க்கலாம் என்று ஆசையோடு இறங்கினால், இந்த வருடம் மார்ச் 22-க்கே முழுதாகப் பூத்துவிட்டதாம். நடைபாதை ஓரம் ஈரத்தில் ஒட்டிக்கிடந்த இதழ்களைத்தான் பார்த்தேன். குடியிருப்பது நிஷிகசாய்; நகரின் கிழக்குப் பக்கம், எடோகாவா வார்டு. வேலை ஓத்தேமாச்சியில். தோசாய் சுரங்க ரயில் தடத்தில் ஏழாவது நிறுத்தம்.

முதல் திங்கட்கிழமை, காலை எட்டு மணி ரயில். கூட்டம் எனக்குப் புதிதில்லை, பீச்–தாம்பரம் மின்ரயிலில் தொங்கியவன்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் குரல் உண்டு. "உள்ளே போங்க சார்", "இறங்குறீங்களா?", நடுவில் ஒருவர் தன் வீட்டுப் பஞ்சாயத்து முழுவதையும் போனில் நடத்திக்கொண்டு வருவார். இங்கே என் நெஞ்சில் ஒருவர் முதுகு, என் முதுகில் இன்னொருவர் பை. முந்நூறு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

என் வழியில் கிபா, மோன்சென் நகாச்சோ என்ற இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட துண்டில் 2019-ல் நெரிசல் 199 சதவீதம் என்று அரசுக் கணக்கு. 100 என்றால் எல்லோரும் உட்காரலாம் அல்லது கைப்பிடி பிடித்து நிற்கலாம். 150-ல் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180-ல் மடித்துப் பிடித்தால் படிக்கலாம். 200-ல் உடம்போடு உடம்பு அழுந்தும், வாரப் பத்திரிகை என்றால் எப்படியோ சமாளிக்கலாம். நெரிசலைப் பத்திரிகையால் அளக்கிற ஊர். பெட்டியில் ஒருவர் கையிலும் பத்திரிகை இல்லை, எல்லோரிடமும் போன்தான்.

ஜூன் 4, இரவு 10.20

வீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னைப் போல ஏமாறாதீர்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை, எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருந்தது, நான்தான் கேட்கவில்லை.

வாடகை 82,000 யென். சாவி கையில் வருவதற்கு முன் ஏறக்குறைய ஐந்து மாத வாடகை போய்விட்டது. ஷிகிகின் என்பது முன்பணம், அது ஓரளவு திரும்பும். ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கிற பணம், திரும்பாது. வீட்டை விட்டதற்கு நன்றியாம், அப்புறம் மாதாமாதம் வாடகை எதற்கு என்று கேட்கக்கூடாது. தரகருக்கு ஒரு மாதம், வரி தனி. ஜாமீன் நிற்கும் கம்பெனிக்கு ஒரு தொகை, பூட்டு மாற்ற ஒரு தொகை, தீக் காப்பீடு. யூஆர் என்கிற பொது வாடகைக் குடியிருப்புகளில் ரெய்கின், தரகு, ஜாமீன் மூன்றும் கிடையாது. நிஷிகசாயில் இவ்வளவு இந்தியர்கள் சேர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இதை நான் தெரிந்துகொண்டது கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள், இந்திய மளிகைக்கடை வரிசையில் பருப்பு மூட்டையோடு நின்ற ஒருவர் சொல்லி.

விளம்பரத்தில் "ஸ்டேஷனிலிருந்து நடந்து 7 நிமிடம்" என்று இருந்தால் அது 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு. சிக்னலில் நிற்கிற நேரம் அதில் சேராது. எனக்கு 11 நிமிடம் ஆகிறது. அறையைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள்: ஆறு பாய், எட்டுப் பாய். ஒரு பாய் சுமார் 1.6 சதுர மீட்டர். என்னுடையது ஆறு பாய். நம் ஊரில் ஆறு பாய் என்றால் கல்யாண வீட்டில் ஒரு கூடத்தையே நிரப்பிவிடலாம்.

ஜூன் 5, மதியம் 12.35

ஊமை ஊர் என்று நேற்றுக் காலை எழுதியது அவசரம். இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். நான் வந்த மூன்றாவது வாரத்தை மறந்தே போனேன்.

ஏப்ரல் 23-ல் இங்கே வார்டு மன்றத் தேர்தல். அதற்கு முந்தைய ஒரு வாரம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை மைக் கட்டிய வண்டிகள் தெருத்தெருவாக வந்தன. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் ஜன்னலிலிருந்து கை ஆட்டினார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேட்பாளர் பெயர், "உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்", மறுபடி பெயர். அந்த ஒரு வாரம் எனக்கு ஊர் ஞாபகம் வரவே இல்லை, அவ்வளவு சௌகரியமாக இருந்தது. இந்த வார்டு மன்றத்துக்கு 2019-ல் இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா என்பவரே ஜெயித்திருக்கிறார்.

ஆக, ரயில் மட்டும்தான் ஊமை. பிளாட்பாரம்கூட இல்லை. அங்கே அறிவிப்பு ஓயாது: மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நில்லுங்கள், கதவு மூடுகிறது, அடுத்த வண்டி முந்தைய ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிவிட்டது, இரண்டு நிமிடம் தாமதம், மிகவும் வருந்துகிறோம். இரண்டு நிமிடத்துக்கு.

ஜூன் 10, காலை 9.05

என்ன கொண்டு வரணும் என்ற கேள்விக்கு முதல் பதில்: மிக்சி வேண்டாம்.

அம்மா விடவில்லை. "அங்கே சட்னி யார் அரைத்துத் தருவா?" என்று புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். நம் ஊரில் 230 வோல்ட். இங்கே 100. (நாட்டின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60; அது தனிக் கதை.) தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை போட்டு முதல் ஞாயிறு சுவிட்சைத் திருகினேன். மிக்சி சுற்றவில்லை, முனகியது. காய்ச்சல் கண்ட பசு மாதிரி. மூடியைத் திறந்தால் தேங்காய்ச் சில்லு போட்டபடியே இருக்கிறது, மிளகாய் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

போன வாரம் மின்னழுத்தம் ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினேன். ஐந்து கிலோ, செங்கல் மாதிரி. இப்போது மிக்சி ஊரில் போலவே கர்ஜிக்கிறது. காலை ஆறரைக்கு அரைத்து, தோசையோடு சாப்பிட்டு, ஏழரைக்குக் கிளம்புகிறேன். வாழ்க்கை ஒரு வழிக்கு வந்துவிட்டது.

ஜூன் 13, இரவு 11.10

வரவில்லை. லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்துகள் நாற்பது இருக்கலாம். அதில் ஒன்று 'சத்தம்' என்பதற்கானது. அது நோட்டீஸில் நடுநாயகமாக இருந்தது. போனில் படம் எடுத்தேன். விளக்கு மேல்பாதியில் பளபளத்து எழுத்து விழவில்லை. கீழ்ப்பாதியின் மொழிபெயர்ப்பு: "சத்தம் எழும். தொந்தரவுக்கு மிகவும் வருந்துகிறோம். உங்கள் புரிதலையும் ஒத்துழைப்பையும் வேண்டுகிறோம்."

இதுதான் நான் கேள்விப்பட்ட முறை. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தாள் ஒட்டுவார்கள், சம்பந்தப்பட்டவனுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். தைத்தது. பக்கத்து அறையில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், சுவர் மெலிது. மே மாதம் சுமோ மல்யுத்தப் போட்டி பதினைந்து நாளும் அவர் வீட்டு டிவியில் நடந்தது எனக்குக் கேட்டது என்றால், என் மிக்சி அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நாளையிலிருந்து சட்னி கிடையாது. இட்லிப்பொடி இருக்கிறது.

ஜூன் 17, மாலை 4.00

குப்பை. இதற்கு மட்டும் நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊர் புதிதாக வந்தவனை எடைபோடுவது இங்கேதான்.

எங்கள் தெருவில் எரியும் குப்பை வாரம் இரண்டு நாள். பிளாஸ்டிக் உறை ஒரு நாள். காகிதம், புட்டி, டப்பா ஒரு நாள். எரியாத குப்பை மாதம் இரண்டு தடவை. காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். மேலே வலை போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் காக்கை. இந்த ஊர்க் காக்கை நம் ஊர்க் காக்கையைப் போல ஒன்றரை மடங்கு, அதற்கு எந்த நாள் எந்தக் குப்பை என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடி தனி. மேலே சுற்றிய லேபிளைக் கிழித்தால் அது மூடியோடு. உடம்பைக் கழுவி நசுக்கினால் அது தனி. ஒரு பாட்டிலுக்கு இரண்டு ஜாதி. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஒரு பொடி விற்கிறார்கள், சூடாக இருக்கும்போது தூவினால் ஆறியதும் அல்வா மாதிரி கெட்டியாகிவிடும், எடுத்து எரியும் குப்பையில் போடலாம். கட்டில், நாற்காலி என்றால் முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன தேதியில் வைக்க வேண்டும்.

மே மாதம் என் பையை எடுக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். மேலே ஒரு ஸ்டிக்கர். தெருவே காலி, நடுவில் என் பை மட்டும், உள்ளே நான் தின்ற சிப்ஸ் உறைகள் எல்லாம் தெரிகிறது. வேலை முடிந்து இரவு திரும்பும்போதும் அது அங்கேயே இருந்தது. ஆறாம் வகுப்பில் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டதற்குப் பிறகு அப்படிக் கூச்சப்பட்டதில்லை.

தெருவில் குப்பைத்தொட்டியே இல்லை என்பதையும் கவனிப்பீர்கள். 1995 மார்ச் 20-ல் சுரங்க ரயிலில் சாரின் விஷவாயு வைத்தார்களே, அதற்குப் பிறகு பல இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வாழைப்பழத் தோலை நாள் முழுக்கச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜூன் 17, மாலை 4.12

காக்கை ஒன்றரை மடங்கு என்றது கோபத்தில். கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

ஜூன் 25, இரவு 8.30

சாப்பாடு. நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. நான் சைவம்.

"நிகு நாஷி" என்றால் இறைச்சி இல்லாமல். முதல் வாரமே மனப்பாடம் செய்தேன். ஒரு கடையில் சொன்னேன், தலையாட்டினார்கள், சாலட் வந்தது, மேலே ஹாம். ஹாம் 'நிகு' கணக்கில் வராதாம். அடுத்த கடையில் "நிகு நாஷி, ஹாம் நாஷி" என்றேன். நூடுல்ஸ் சூப் வந்தது, மேலே மீன் சீவல் காற்றில் நெளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது கடையில் மீனையும் சேர்த்துச் சொன்னேன். மிசோ சூப் தெளிவாக, பச்சை வெங்காயம் மட்டும் மிதக்க வந்தது. குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று கேட்டால், உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாறுதான் அடிப்படையாம். 'தாஷி' என்பார்கள். நம் சாம்பாருக்குப் பருப்பு மாதிரி, அதைப் போட்டேன் என்று யாரும் தனியாகச் சொல்லமாட்டார்கள்.

எனக்கு இப்போது இதில் பிடிவாதம் குறைந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. எது என்றாலும் நிஷிகசாயில் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும், புளி கிடைக்கும், உளுந்து கிடைக்கும்.

ஜூலை 2, காலை 11.45

மிக்சி விஷயத்தில் நான் ஒரு முட்டாள்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கட்டடம் முழுவதும் அபாய மணி. துண்டோடு நிற்கிறேன், கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் சீருடையில் இருவர், ஒருவர் கையில் நீண்ட கம்பு, கம்பின் நுனியில் கிண்ணம். குனிந்து வணங்கி உள்ளே வந்தார்கள், கிண்ணத்தைக் கூரையில் இருந்த புகை உணரியில் வைத்தார்கள், அது கத்தியது, குறித்துக்கொண்டார்கள், மறுபடி வணங்கினார்கள், போய்விட்டார்கள். என் துண்டை அவர்கள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

லிஃப்ட் நோட்டீஸ் இதற்குத்தான். தீயணைப்புக் கருவிச் சோதனை, வருடம் இரண்டு தடவை. "மணிச் சத்தம் எழும், தொந்தரவுக்கு வருந்துகிறோம்." அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் படத்தைக் காட்டியபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டரை வாரம் இட்லிப்பொடியோடு தவம் இருந்திருக்கிறேன், யாருமே என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதபோது.

மேலே ஜூன் 13-ல் "இதுதான் நான் கேள்விப்பட்ட முறை, முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்" என்று அளந்திருக்கிறேன் பாருங்கள், அதைத் திரும்பப் படிக்க வெட்கமாக இருக்கிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூலை 15, இரவு 10.50

சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன், வார்டில் தன்னார்வலர்கள் நடத்துவது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: இந்த மொழி தமிழனுக்குக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுத்து கஷ்டம், அது உண்மை. வாக்கியம் நம்முடையது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "இத்தே கிமாஸு" என்கிறார்கள். இத்தே என்றால் போய், கிமாஸு என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! வகுப்பில் இருந்த பிரேசில்காரருக்கு ஏன் போகிறவன் வருகிறேன் என்கிறான் என்று புரியவே இல்லை. டீச்சர் மூன்று விதமாக விளக்கினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், பெருமையாக. "தாபெத்தே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'மிரு' என்பது கண்ணால் பார்க்கிற அதே பார். "வாசுரெத்தே ஷிமாத்தா" என்றால் மறந்துவிட்டேன், அந்த 'விட்டேன்' உட்பட. கேள்விக்குக் கடைசியில் 'கா' போட்டால் போதும், நாம் 'ஆ' போடுகிற மாதிரி. ஒருவர் சொன்னதைச் சொல்ல 'தோ', நம் 'என்று'.

கொரே, சொரே, அரே: இது, உது, அது. கேட்பவர் பக்கத்தில் இருக்கிற 'உது' நமக்குப் புத்தகத்தோடு போய்விட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இன்னும் வாயில் இருக்கிறது. வகுப்பில் இருந்த ஒரு யாழ்ப்பாண அண்ணன் முதல் நாளே சரியாகச் சொன்னார். நான் ஒரு மாதமாகத் தடுமாறுகிறேன்.

அகராதி வரிசையும் அப்படித்தான்: அ இ உ எ ஒ, க ச த ந, அப்புறம் ஹ, ம ய ர வ. பௌத்தத் துறவிகள் இந்திய எழுத்துமுறையைப் படித்ததால் வந்த வரிசை.

ஜூலை 16, காலை 8.20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ஜப்பானியம் தமிழிலிருந்து வந்ததுதானே என்று கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதினார், 2008-ல் காலமானார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது கொரியனுக்கும் துருக்கிக்கும்கூடப் பொருந்தும். வகுப்பில் இருக்கும் துருக்கிக்காரப் பெண்ணும் என்னைப் போலவே பெருமையாக உட்கார்ந்திருக்கிறார், அதை நேற்றுச் சொல்லாமல் விட்டேன்.

ஆகஸ்டு 6, காலை 7.30

நேற்று எடோகாவா வாணவேடிக்கை. கொரோனாவால் மூன்று வருடம் நடக்கவில்லை, அதனால் கூட்டம் கேட்கவே வேண்டாம். ஆரம்பத்திலேயே ஐந்து வினாடியில் ஆயிரம் வெடி. ஆற்றங்கரையில் நீலப் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "ஓஓ" என்றார்கள். நானும்தான். தொண்டை கட்டிவிட்டது.

இப்போது ஜன்னலுக்கு வெளியே சிள்வண்டு. பேசினால் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது.

ஊமை ஊர் என்று முதலில் எழுதியவன் யார்? சும்மா ஒரு கணக்குப் போட்டேன். இந்த ஊரில் மனிதன் பேசுவது குறைவு, பொருள்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. லாரி திரும்பும்போது "ஹிதாரி நி மகாரிமாஸு" என்று ஒரு பெண் குரல்: இடதுபக்கம் திரும்புகிறேன், கவனம். குளியல் தொட்டி சூடானதும் ஒரு மெட்டு வாசித்து "வென்னீர் தயார்" என்கிறது. பணம் எடுக்கும் இயந்திரம் வரவேற்கிறது. மாலை ஐந்து மணிக்குக் கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பழைய குழந்தைப் பாட்டின் மெட்டு. முதல் நாள் சுனாமி எச்சரிக்கை என்று நினைத்துச் செருப்பு மாட்டாமல் படியிறங்கிவிட்டேன். கீழே ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். கூடவே பேரிடர் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினசரி ஒரு சோதனை.

ஏப்ரலில் இதெல்லாம் எனக்கு வெறும் ஓசை. மொழி ஒவ்வொன்றாகப் பிடிபடப் பிடிபட, லாரி என்ன சொல்கிறது என்று தெரிகிறது.

செப்டம்பர் 9, இரவு 9.15

நில நடுக்கம் பற்றிப் பயந்து கேட்டிருந்தீர்கள். மே 11 விடிகாலை 4.16-க்கு முதல் அனுபவம். பக்கத்துச் சிபா மாகாணத்தின் கிசராஸுவில் 'ஐந்து மேல்', எங்கள் பக்கம் அதைவிடக் குறைவு. இங்கே ரிக்டரைவிட 'ஷிண்டோ'தான் பேச்சு: எவ்வளவு பெரிது என்பதைவிட, நீ நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆடியது. 0 முதல் 7 வரை. 5-க்கும் 6-க்கும் கீழ், மேல் என்று இரண்டு பிரிவு. அன்று சிங்க்கில் அடுக்கியிருந்த டம்ளர்கள் முதலில் பேசின. அப்புறம் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

எனக்கு அதைவிடப் பயம் தண்ணீர். எடோகாவாவில் நிலத்தில் எழுபது சதவீதம், கடல் ஏற்றத்தின்போது இருக்கிற நீர்மட்டத்துக்குக் கீழே. 2019-ல் வார்டு வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில் எங்கள் பகுதியைக் காட்டி, "இங்கே இருக்கக்கூடாது" என்று போட்டிருந்தார்கள். வீட்டு வரி வாங்குகிற அலுவலகமே சொல்கிறது! அந்த நேர்மை பிடித்திருந்தது. பக்கத்தில் ஓடும் அரகாவா, இங்கே இயற்கை ஆறுகூட இல்லை. 1910 வெள்ளத்துக்குப் பிறகு வெட்டிய வடிகால், 1930-ல் முடித்தார்கள். தினமும் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து அதன் மேல் போகும்போது, பெட்டியில் பாதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்குகிறார்கள்.

செப்டம்பர் 10, காலை 7.00

வீட்டு வரி வாங்குவது வார்டு இல்லை, மாநகர அரசு என்று ஒருவர் திருத்தினார். சரி.

அக்டோபர் 1, மாலை 6.40

கிளம்பும் நேரம் வந்துவிட்டதால் வேகமாக. விதை, இலை, பழம் எதுவும் வேண்டாம், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கொத்தை மறந்துவிடுங்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வீடு அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். எஸ்கலேட்டரில் இடதுபக்கம் நில்லுங்கள். ஒசாகா போனால் வலதுபக்கம். குக்கர் கொண்டு வரலாம், ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு மின்காந்த அடுப்பா என்று கேட்டுவிட்டு; அலுமினியம் அதில் சூடாகாது.

வெயிலுக்குப் பயந்தால் நல்ல வேளை, அக்டோபரில் வருகிறீர்கள். இந்த வருடம் 35 டிகிரியைத் தொட்ட நாட்கள் 22, இதற்கு முந்தைய எந்த வருடமும் இல்லாத கணக்காம். விருதுநகரில் பிறந்தவன் நான், ஆகஸ்டில் குடை பிடித்தேன்.

நவம்பர் 19, காலை 8.40

நீங்கள் வந்து சேர்ந்தது தெரிந்தது, சந்தோஷம். குடிவந்த வாரத்திலேயே பக்கத்து வீடுகளுக்கு ஒரு துண்டோ, சோப்புத்தூள் டப்பாவோ கொடுத்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இப்போது அடுக்குமாடிகளில் அந்த வழக்கம் குறைகிறது என்கிறார்கள், இருந்தாலும் செய்யுங்கள். நான் செய்யவில்லை.

ஏழு மாதம் கழித்துப் போன வாரம்தான் பாட்டி வீட்டு மணியை அடித்தேன். கையில் சோப்புத்தூள். உள்ளே சுமோ ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் எழுதித் திருத்தி வாங்கிய வாக்கியத்தைச் சொன்னேன்: காலையில் இயந்திரத்தால் மசாலா அரைக்கிறேன், சத்தம் தொந்தரவாக இருக்கிறதா?

பாட்டி டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலையை லேசாகச் சாய்த்தார். "தைஜோபு தேசு" என்றார்.

தைஜோபு என்றால் பரவாயில்லை. கடையில் பை வேண்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்பதற்கும் அதையேதான் சொல்கிறார்கள். கீழே விழுந்தவரிடம் அடிபட்டதா என்று கேட்பதும், இல்லை என்று அவர் பதில் சொல்வதும் அதே சொல்தான். அலுவலகத்தில் நான்கு பேரிடம் கேட்டேன், தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, குரல் இழுத்ததா, சிரித்தாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். இருவர் அரைக்கலாம் என்றார்கள், இருவர் வேண்டாம் என்றார்கள்.

இப்போதைக்கு ஏழு மணிக்குப் பிறகு, மிக்சிக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டு அரைக்கிறேன்.